ஏலம் முடிந்த பிறகு வரும் அந்த 6 டாலர்

கேள்வி: ஆன்லைன் ஏலத்தில் ஒரு பழைய ஷார்ட்வேவ் ரேடியோவை 100 டாலருக்கு எடுத்தேன். தபால் செலவு 15 டாலர் என்று முதலிலேயே போட்டிருந்தார்கள், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஏலம் முடிந்த மறுநாள் விற்பவரிடமிருந்து மெசேஜ் வருகிறது: பேபாலில் (இணையத்தில் பணம் அனுப்பும் சேவை) கட்டினால் 6 டாலர் சேர்த்துக் கட்ட வேண்டுமாம், பேபால் அவரிடம் கட்டணம் பிடித்துக்கொள்கிறதாம். இல்லையென்றால் பேபாலிலேயே நண்பர்களுக்குப் பணம் அனுப்பும் வழியில் அனுப்பிவிட்டால் 'இரண்டு பேருக்கும் நல்லது' என்கிறார். ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்த மாடல் இது. 6 டாலர்தானே என்று கொடுத்துவிடலாமா, சண்டை போடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ரேடியோ 100, தபால் 15, ஆக 115. அதைத் தளத்தின் வழியாகவே கட்டுங்கள். ஒரு சென்ட் கூட அதிகம் வேண்டாம்.

முதலில் அவர் கணக்கையே பார்ப்போம். பேபால் அமெரிக்காவில் நெடுங்காலம் விற்பவரிடம் வாங்கிவந்தது 2.9 சதவீதமும் அதற்கு மேல் 30 சென்ட்டும். 115 டாலருக்கு அது 3 டாலர் 64 சென்ட். உங்கள் ஆள் கேட்பது 6. மீதி எதற்கு என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. நான் கவனித்தவரை, கட்டணத்தை மட்டும் அச்சுப்பிசகாமல் கேட்கும் விற்பனையாளர் அபூர்வம், கேட்பதென்று முடிவு செய்துவிட்டால் கை கொஞ்சம் தாராளமாகத்தான் போகிறது.

சரி, 3.64 மட்டும் கேட்டிருந்தால் கொடுக்கலாமா என்றால், அப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பணம் வாங்குவதற்கு ஆகும் செலவு வியாபாரம் செய்பவருடைய செலவு, கடைக்காரர் தன் கடை வாடகையைத் தனியாக பில்லில் எழுதி நம்மிடம் நீட்டுவதில்லையே. ஈபே என்ற ஏலத் தளமாக இருந்தால் வழக்கமான முறையில் பணம் கட்டுபவரிடம் அதற்கென்று தனியாக வசூலிக்கக்கூடாது என்று விதியே இருக்கிறது. பிரிட்டனில் 2018 ஜனவரி 13 முதல் நுகர்வோர் கார்டில் கட்டினாலும் பேபாலில் கட்டினாலும் கூடுதல் கட்டணம் கேட்பது சட்டப்படியே தடை. சில நாடுகளில் கார்டுக்குக் கூடுதலாக வாங்கச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் அங்கேயும் பணம் கட்டும் முன்பே தெரியும்படி சொல்லியிருக்க வேண்டும், தளத்தின் விதி அதைவிடக் கடுமையாக இருந்தால் அந்தத் தளத்தில் விற்பவர் அதற்கும் கட்டுப்பட்டவர்தான்.

இன்னொரு விஷயம். ஈபே 2002இல் பேபாலை வாங்கியது, 2015இல் இரண்டும் பிரிந்தன, அப்புறம் 2021 வாக்கில் ஏறக்குறைய எல்லா விற்பனையாளர்களுக்கும் பணப்பட்டுவாடாவை ஈபே தானே ஏற்றுக்கொண்டது. இப்போது வாங்குபவர் அங்கே பேபாலில் கட்டினாலும் பணம் ஈபேக்குப் போய், அது தன் கமிஷனை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விற்பவரின் வங்கிக் கணக்கில் போடுகிறது. அதனால் நீங்கள் ரேடியோ எடுத்தது அந்தத் தளமாக இருந்தால், 'பேபால் என்னிடம் பிடித்துக்கொள்கிறது' என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. ஒன்று, பழைய பழக்கத்தில் சொல்கிறார். இல்லையென்றால் உங்களைத் தளத்துக்கு வெளியே இழுக்கப் பார்க்கிறார்.

அந்த 'நண்பர்' வழி இருக்கிறதே, 6 டாலரைவிட எனக்குக் கவலை அதுதான். அப்படி அனுப்பிய பணத்துக்கு பேபாலின் வாங்குவோர் பாதுகாப்பு கிடையாது. பொருளுக்கான பணமாக அனுப்பினால் 180 நாள் வரை புகார் எழுப்பலாம், நண்பருக்கு அனுப்பியதாகச் சொல்லிவிட்டால் நண்பரிடம்தான் கேட்க வேண்டும். நானே பட்டிருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு பழைய கேமரா லென்ஸ், இதே பேச்சு, இதே 'இரண்டு பேருக்கும் நல்லது'. வம்பு எதற்கு என்று அனுப்பிவிட்டேன். பார்சல் ஒழுங்காகவே வந்தது. லென்ஸை டார்ச் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் உள் கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளையாக, சிலந்தி வலையின் இழை மாதிரி பூஞ்சை. விற்பவருக்கு எழுதினேன், 'பழைய பொருள் என்றால் அப்படித்தான்' என்று ஒரே வரி. தளத்தில் கேட்டால் எங்கள் வழியாகப் பணம் வரவில்லையே என்றார்கள், அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. அந்த லென்ஸ் இன்னும் என் மேஜையில் பேப்பர் பறக்காமல் இருக்க உதவுகிறது.

இப்போது செய்ய வேண்டியது. அவர் மெசேஜ், ஏலப் பக்கம், தபால் செலவு எழுதியிருந்த இடம், மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு தளத்தின் மெசேஜ் பெட்டியிலேயே (போனில் வேண்டாம், வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம்) இப்படி எழுதுங்கள்: 'ஏலத் தொகை 100, தபால் 15, மொத்தம் 115 டாலரை இன்று தளத்தின் வழியே கட்டுகிறேன். பணம் கட்டும் முறைக்காகக் கூடுதலாக வாங்குவது தளத்தின் விதியில் இல்லை. பார்சல் எண் கிடைத்ததும் தெரிவிக்கவும். நன்றி.' கோபம், கிண்டல், 'உன்னைப் போல் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்' எதுவும் வேண்டாம். நாளைக்கு இந்த மெசேஜைப் படிக்கப் போவது அவர் மட்டும் அல்ல, தளத்தில் புகாரைப் பார்க்கிற ஊழியரும்தான்.

எழுதிய கையோடு பணத்தைக் கட்டிவிடுங்கள். அவர் 121 என்று புது பில் அனுப்பியிருந்தால் அதைத் தொடாமல், ஏலப் பக்கத்தில் காட்டும் தொகை 115தானா என்று பார்த்துக் கட்டுங்கள். அங்கேயும் 121 என்று மாறியிருந்தால் கட்டாமல் அன்றைக்கே தளத்தில் புகார் கொடுங்கள். வாக்குவாதத்தில் நாளைக் கடத்துவதில் ஒரு ஆபத்து இருக்கிறது: ஈபேயில் நாலு நாளுக்குள் பணம் வரவில்லை என்றால் விற்பவர் ஏலத்தை ரத்து செய்துவிட்டு வாங்கியவர் கட்டவில்லை என்று பதிவு செய்யலாம், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் கெட்ட பெயர் உங்களுக்கு. அதே போல, பணம் கட்டிய பிறகு 'வாங்கியவர் கேட்டதால் ரத்து' என்று அவர் காரணம் போட்டால், நான் அப்படிக் கேட்கவே இல்லை என்று உடனே தளத்துக்கு எழுதுங்கள். அந்தக் காரணத்தைப் போட்டால் விற்பவர் கணக்கில் கரும்புள்ளி விழாது என்பதால் அதையே போட்டுவிடுபவர்கள் உண்டு.

ரேடியோ போய்விட்டால்? போகலாம், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அனுபவத்தில் பாதிப் பேர் இப்படி ஒரு மெசேஜ் வந்ததும் பேசாமல் பார்சல் கட்டிவிடுகிறார்கள்.

கேள்வி: நீங்கள் வாங்குபவர் பக்கமே பேசுகிறீர்கள். நான் விற்பவன். கமிஷன், பணம் வாங்கும் கட்டணம், பெட்டி, டேப் எல்லாம் போனால் சின்னப் பொருளில் ஒன்றும் நிற்பதில்லை. நான் என்ன செய்வது?

பதில்: ஆரம்ப விலையில் ஏற்றிவிடுங்கள். அது உங்கள் உரிமை, யாரும் கேட்க முடியாது. ஆட்களை இழுப்பதற்காக 1 டாலரில் ஏலத்தை ஆரம்பித்துவிட்டு, எதிர்பார்த்த அளவு ஏறவில்லை என்றதும் கட்டணம் என்ற பெயரில் மீட்கப் பார்ப்பதில்தான் சண்டையே தொடங்குகிறது.

கணக்குப் போடும்போது பலர் ஒரு இடத்தில் சறுக்குகிறார்கள். கையில் 50 டாலர் நிற்க வேண்டும், கட்டணம் 2.9 சதவீதமும் 30 சென்ட்டும் என்று வைத்துக்கொள்வோம். 50க்கு 2.9 சதவீதம் கூட்டி, 30 சென்ட்டும் சேர்த்தால் 51.75. ஆனால் கட்டணம் பிடிப்பது அந்த 51.75 மீது, அதனால் கையில் வருவது 49.95தான். 50உடன் 30 சென்ட்டைக் கூட்டி 0.971ஆல் வகுக்க வேண்டும், 51.80 வரும். இதில் வித்தியாசம் 5 சென்ட்தானே என்று சிரிக்காதீர்கள், தளத்தின் கமிஷனுக்கும் இதே வகுத்தல்தான். அமெரிக்க ஈபேயில் பல வகைப் பொருட்களுக்கு அது பத்து சதவீதத்தைத் தாண்டும், அங்கே கூட்டிப் பார்த்தவர்களுக்கு நன்றாகவே இடிக்கும்.

தபால் செலவில் ஒளித்துவைக்கலாமே என்றால், அந்தக் கதவை ஈபே 2011லேயே சாத்திவிட்டது. கமிஷன் தபால் செலவையும் சேர்த்துத்தான்.

கேள்வி: கூடுதல் பணம் தர மறுத்ததால் எனக்கு மோசமான ரேட்டிங் போடுவேன் என்று விற்பவர் மிரட்டுகிறார். என்ன செய்ய?

பதில்: ஈபேயில் அது நடக்காது. 2008 முதல் அங்கே விற்பவர் வாங்குபவருக்கு மோசமான ரேட்டிங் போடவே முடியாது. வேறு தளமாக இருந்தால் மிரட்டிய மெசேஜை அப்படியே புகாருடன் இணையுங்கள். நீங்களும் பதிலுக்கு 'பணத்தைக் குறைக்காவிட்டால் உனக்கு ஒரு ஸ்டார்தான்' என்று எழுதிவிடாதீர்கள், அதுவும் மிரட்டல் கணக்கில்தான் சேரும். பொருள் கைக்கு வந்து, சரி பார்த்த பிறகு, நடந்ததை மட்டும் எழுதுங்கள்: 'ஏலம் முடிந்த பின் 6 டாலர் கூடுதலாகக் கேட்டார். மறுத்தேன். பொருள் நன்றாக இருக்கிறது.' அடுத்து வாங்கப் போகிறவருக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

கேள்வி: இதெல்லாம் தெரியாமல் கட்டணத்தைச் சேர்த்துக் கட்டிவிட்டேன். திரும்ப வாங்க முடியுமா?

பதில்: ஒரு தடவை எழுத்தில் கேளுங்கள், விதியையும் சொல்லி. கொடுத்தால் சரி. கொடுக்காவிட்டால், பொருள் ஒழுங்காக வந்திருக்கிறது என்றால் அந்தச் சில டாலருக்காக மல்லுக்கட்டுவதைவிட அந்த விற்பவரைப் பற்றித் தளத்தில் ஒரு புகார் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். நாமாகச் சம்மதித்துக் கட்டிய தொகையைத் திரும்பப் பெறுவது கஷ்டம், பேபாலின் பாதுகாப்பு முக்கியமாகப் பொருள் வராததற்கும், சொன்ன மாதிரி இல்லாததற்கும்தான். பொருளே வரவில்லை என்றால் கதை வேறு, அப்போது காத்திருக்காதீர்கள், இன்றைக்கே புகாரைத் திறந்து முழுத் தொகையையும் கேளுங்கள், அந்தக் கூடுதல் கட்டணத்தையும் சேர்த்து.