வாழ்த்து மடல் எழுதுவதை முதலில் நிறுத்துங்கள்

கேள்வி: தென்மாவட்டம் ஒன்றில், வட்டாட்சியர் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். வயது 36. கல்லூரி நாளிலிருந்து கதை எழுதுகிறேன். சில கதைகள் சிற்றிதழ்களில் வந்திருக்கின்றன. இப்போது ஒரு வரிகூட ஓடவில்லை. பகலெல்லாம் மனு, கோப்பு, நினைவூட்டு. வீட்டுக்குப் போனால் சமையல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம். 'மேடத்துக்குத் தமிழ் நல்லா வரும்' என்று விழா உரை, வரவேற்புரை, வாழ்த்து மடல் எல்லாம் என் தலையில்தான். 'எழுத்தாளரம்மா வந்துட்டாங்க' என்று கிண்டல் வேறு. தப்பித்தவறிக் கதை எழுத உட்கார்ந்தால் கோப்புத் தமிழ்தான் வருகிறது. வேலையை விட்டுவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வேண்டாம் சகோதரி. மாதச் சம்பளம் நின்றுபோனால் கதை வராது, கவலைதான் வரும். எழுத்தாளர் பூமணி கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்துக்கொண்டுதான் எழுதினார். ஜெர்மன் மொழியில் கதை எழுதிய காஃப்கா 1908 முதல் 1922 வரை பிராக் நகரத்தில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தார். மரம் இழைக்கும் இயந்திரத்தில் தொழிலாளர்களின் விரல் போகாமலிருக்க என்ன செய்யலாம் என்று அறிக்கை எழுதியவர் அவர். ஆபீஸ் தன்னை எழுதவிடுவதில்லை என்று உங்களைவிட அதிகமாகப் புலம்பியிருக்கிறார். ஆனால் அவருக்கு மதியம் 2 மணிக்கே வேலை முடிந்துவிடும். உங்களுக்கு 5.45. அதுவும் காகிதத்தில்தான்.

காலை நான்கு மணிக்கு எழுந்து எழுதுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். அப்படி எழுதிய ஆண்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த வாழ்த்து மடல்தான். மாதக் கடைசி வந்தால் யாராவது ஓய்வு பெறுகிறார்கள். 'கடமையே கண்ணாக' என்று நீங்கள் ஆரம்பிக்க வேண்டும். அப்புறம் குடியரசு தினம், சுதந்திர தினம், அதிகாரியின் வீட்டுக் கல்யாணம். உங்களிடம் மிச்சமிருக்கும் கொஞ்சம் மொழியையும் இதற்கே கொடுத்துவிட்டு, இரவு பத்து மணிக்கு வெறுங்கையோடு கதைக்கு முன்னால் உட்காருகிறீர்கள். மனுவும் கோப்பும் சம்பளம் வாங்கும் வேலை, அதைச் செய்துதான் ஆகவேண்டும். வாழ்த்து மடல் உங்களுக்கு ஒதுக்கிய அலுவலக வேலை இல்லை. மேலதிகாரியிடம் முகம் சுளிக்காமல் சொல்லுங்கள்: 'சார், போன தடவை எழுதினது இருக்கு, பேரும் தேதியும் மட்டும் மாத்திக்கலாம்.' யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. மாற்றித் தரும் வேலையையும் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளநிலை உதவியாளரிடம் தள்ளிவிட முடிந்தால் இன்னும் நல்லது. பாவம்தான், ஆனால் அவர் கதை எழுதுகிறவரா என்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுச் செய்யுங்கள்.

கிண்டலைக் கண்டுகொள்ளாதீர்கள். அப்படிக் கிண்டல் செய்கிறவர்களில் ஒருவராவது மேஜை டிராயரில் கவிதை நோட்டு வைத்திருப்பார்.

இனி கோப்புத் தமிழ். நீங்கள் அனுப்பிய கதைப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'கமலம் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டாள். இது குறித்து அவளுடைய அண்ணனுக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது.' படித்ததும், அரசுக் கடிதத்தின் தலையில் போடும் ந.க. எண்ணைத் தேடினேன். வெளியேற்றியது யார்? கோப்பில் அதைச் சொல்லாமல் இருப்பதுதான் சாமர்த்தியம். மனு 'பரிசீலிக்கப்பட்டது', இடம் 'ஆய்வு செய்யப்பட்டது' என்றால் நாளைக்குத் தணிக்கை வரும்போது யார் தலையும் உருளாது. கதையிலோ அந்த ஆள்தான் வேண்டும். மாமியார் டிரங்குப் பெட்டியைத் திண்ணையில் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாளா? புருஷன் அதைப் பார்த்துக்கொண்டே பீடி பற்றவைத்தானா? எழுதும்போது இதற்காக நின்று தடுமாற வேண்டாம். எழுதி முடித்தபின், 'பட்டது', 'பட்டாள்' வரும் இடத்தையெல்லாம் அடிக்கோடிட்டு, பக்கத்தில் 'யார்?' என்று எழுதுங்கள். முக்கால்வாசிக் கோப்புத் தமிழ் அதிலேயே போய்விடும்.

இன்னொன்று. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் மனுக்கள் உங்கள் மேஜைக்கும் வருமே. நாலு பக்கம் இருக்கும். அண்ணன் தம்பி சண்டை, இடையில் ஒரு கல்யாணம், கிணற்றுப் பங்கு, அப்பா சாகும்போது சொன்ன வார்த்தை எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் 'மனுதாரர் பட்டா மாறுதல் கோருகிறார்' என்று ஒரே வரியில் முடிப்பீர்கள். அப்படித்தான் முடிக்க வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் தினமும் எதையெல்லாம் விட்டுவிடுகிறீர்கள் என்று பாருங்கள். அதில் ஒன்றை மட்டும், பஸ்ஸில் திரும்பும்போது ஒரு சின்ன நோட்டில் இரண்டு வரி குறித்துவையுங்கள். பேர், ஊர், சர்வே எண் எதுவும் வேண்டாம். கதையில் ஆளையும் இடத்தையும் அடையாளமே தெரியாமல் மாற்றிவிடுங்கள். நம்பி மனு கொடுத்தவருடைய குடும்ப விஷயம் அது. இந்த இரண்டு வரியைக் கதை என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். கை மறந்துபோகாமல் இருப்பதற்குத்தான்.

முழுக்கதையை உட்கார்ந்து முடிக்க லீவு போடுங்கள். ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு உங்களுக்கு உண்டு. உறவுக்காரர் கல்யாணத்துக்குக் கேட்பதுபோல இதற்கும் ஒரு வாரம் கேளுங்கள். கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி சமயத்தில் மட்டும் கேட்காதீர்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்காரரையும் இரண்டு நாள் லீவு போடச் சொல்லுங்கள். அவர் என்ன வேலையில் இருக்கிறார் என்று கடிதத்தில் நீங்கள் எழுதவே இல்லை!

கடைசியாக அனுமதி விஷயம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 உங்களுக்கும் பொருந்தும். அரசை விமர்சித்து எழுதினால் சிக்கல்தான். புனைபெயர் வைத்தால் தப்பித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொகுப்பாகப் போடும் நாள் வரும்போது, அன்றைக்கு நடப்பில் இருக்கும் விதி என்ன என்று பணியமைப்புப் பிரிவில் கேட்டு, அதன்படி எழுத்தில் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நேரிலேயே கொடுங்கள். தபாலில் போட்டால் அது சுற்றிச் சுற்றி உங்கள் செக்‌ஷனுக்கே வந்து, உங்களுக்கு வரும் கடிதங்களை நீங்களே பதிந்துவைக்கும் தன்பதிவேட்டிலேயே நிலுவையாக ஏறிவிடும்.