எரியும் சிலுவை, அழும் சுரூபம், ஒரு பெப்ஸி விளம்பரம்: மடோனா பாட்டு பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்கப் பாப் பாடகி மடோனாவின் 'லைக் எ ப்ரேயர்' பாட்டு, 1989-ல் அதன் வீடியோ கிளப்பிய சண்டை, இரண்டைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, 2024-ல் வந்த டெட்பூல் படத்தில்தான் இந்தப் பாட்டை முதல்முறை கேட்டேன். வீடியோவைத் தேடிப் பார்த்தால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கதைதான் என்ன?

ஐந்தரை நிமிடத்தில் ஒரு முழுப் படத்தையே திணித்திருக்கிறார்கள், தம்பி. அதனால் குழம்புவது இயல்பு. இரவு நேரம். ஒரு பெண்ணை வெள்ளைக்காரக் கும்பல் ஒன்று தாக்குகிறது. உதவிக்கு ஓடி வருகிற கறுப்பு இளைஞனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. இதை மடோனா பார்த்துவிடுகிறார். கும்பலில் ஒருவன் அவரையும் பார்த்துவிடுகிறான். பயந்துபோய் ஒரு கோவிலுக்குள் ஓடுகிறார். அங்கே கம்பிக் கதவுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் புனிதரின் சுரூபம். முகம் அந்த இளைஞனின் முகம் போலவே இருக்கிறது. சுரூபம் அழுகிறது. இவர் பெஞ்சில் படுத்துக் கனவு காண்கிறார். கனவில் கதவைத் திறந்ததும் சுரூபத்துக்கு உயிர் வந்து, அவர் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு வெளியே போகிறது. விழித்தெழுந்ததும் நேராகப் போலீஸ் நிலையம் போய், நடந்ததைச் சொல்லி இளைஞனை விடுவிக்கிறார். கடைசியில் திரை விழுகிறது, நடித்தவர்கள் எல்லோரும் மேடையில் தலை வணங்குகிறார்கள். இதெல்லாம் நாடகமப்பா என்று அவர்களே சொல்லிவிட்டுத்தான் போனார்கள். சண்டைக்கு வந்த பலர் அதுவரை பார்த்தார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கேள்வி: அவர் முத்தமிடுவது இயேசுவைத்தானே? நீங்களும் கத்தோலிக்கர் என்று முன்பு சொன்னீர்கள். உறுத்தவில்லையா?

இயேசு இல்லை. 'கறுப்பு இயேசு' என்று அன்றே செய்தி பரவிவிட்டது, இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அந்தச் சுரூபத்துக்கு மாதிரி, பெரு நாட்டு லிமாவில் 1579-ல் பிறந்த புனித மார்ட்டின் தெ போரஸ் என்று சொல்வார்கள். அப்பா ஸ்பானியர், அம்மா விடுதலை பெற்ற கறுப்பு அடிமைப் பெண். திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது 1962-ல்தான். நடித்தவர் லியான் ராபின்சன். 'கூல் ரன்னிங்ஸ்' பார்த்திருந்தால் முகம் தெரிந்திருக்கும்.

உறுத்தியதா என்றால், கொஞ்சம் உறுத்தியது. சுரூபத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டு வளர்ந்தவளுக்கு, அது இறங்கி வந்து முத்தமிட்டால் திக்கென்று இருக்காதா? ஆனால் எனக்கு அதைவிட அழுத்தமாகத் தைத்தது கத்திக் காட்சி. பீடத்தின் பக்கத்தில் கிடக்கும் கத்தியை அலகைப் பிடித்து எடுக்கிறார். இரண்டு உள்ளங்கையும் வெட்டுப்படுகிறது. ரத்தக் காயம் சரியாக, சிலுவையில் இயேசுவுக்கு ஆணி அறைந்த இடத்தில். பிரான்சிஸ் அசிசியார் என்ற புனிதருக்கும் வந்த இயேசுவின் ஐந்து காயங்களை மறைக்கல்வியில் படித்தவர்களுக்கு அது எங்கே போய்த் தொடும் என்று தெரியும். அடுத்தவனுக்காகச் சாட்சி சொல்லப் போகிறவளின் கையில் அந்தக் காயத்தை வைத்ததை நான் அவமதிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. என் அம்மா எடுத்துக்கொண்டார். பாதியிலேயே டிவியை அணைத்தார்.

கேள்வி: சிலுவைகள் எரிய, அதற்கு முன்னால் ஆடுகிறாரே. அதற்கு என்ன சாக்கு சொல்வீர்கள்?

சாக்கே தேவையில்லை. அமெரிக்காவில் சிலுவையைக் கொளுத்துவது கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தின் வேலை. கறுப்பு மக்களை மிரட்ட அவர்கள் வீட்டு வாசலிலேயே நட்டுக் கொளுத்துவார்கள். வீடியோவின் கதையே, செய்யாத குற்றத்துக்குக் கறுப்பு இளைஞன் கைதாவது. அந்தக் கதைக்குள் எரியும் சிலுவை வேறு எதைக் குறிக்கும்? ஆரம்பத்தில் மடோனா யோசித்து வைத்திருந்தது தென் மாநிலத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் கறுப்பு இளைஞனுக்கும் இடையிலான காதல் கதை. இயக்குநர் மேரி லாம்பர்ட்டும் அவரும் பேசிப் பேசி அது இந்த வடிவத்துக்கு வந்தது. கோபப்பட்டவர்கள் சிலுவையைப் பார்த்தார்கள், யார் கொளுத்துவார்கள் என்பதைப் பார்க்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காட்சியில் அவர் ஆடுகிற விதம், போட்டிருக்கும் உள்பாவாடை மாதிரியான உடை, இதெல்லாம் பார்ப்பவர்களைச் சீண்டவே வைத்தது. அதில் மடோனா அப்பாவி இல்லை.

கேள்வி: பெப்ஸிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? 50 லட்சம் டாலரை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார் என்கிறார்களே?

ஏமாற்றவில்லை மேடம், பெப்ஸி தானாகவே பின்வாங்கியது. விளம்பரம், அடுத்த சுற்றுப்பயணத்துக்கு ஸ்பான்சர் எல்லாம் சேர்த்து 50 லட்சம் டாலர் ஒப்பந்தம். அதில் வித்தியாசம் என்னவென்றால், பாட்டே முதலில் வெளியாவது விளம்பரத்தில்தான். 1989 மார்ச் 2, வியாழக்கிழமை இரவு, 'காஸ்பி ஷோ' என்ற குடும்ப நகைச்சுவைத் தொடரின் நடுவே இரண்டு நிமிட விளம்பரம் வந்தது. மறுநாளே எம்டிவி என்ற இசைச் சேனலில் வீடியோ. முந்தைய நாள் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்த அதே பாட்டு, இப்போது எரியும் சிலுவைகளோடு! ஜனங்களுக்கு இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டது. வத்திக்கான் கண்டித்தது. அமெரிக்கன் ஃபேமிலி அசோசியேஷன் என்ற அமைப்பு பெப்ஸியைப் புறக்கணிக்கச் சொன்னது. கேஎஃப்சி, பீட்சா ஹட், டாகோ பெல் மூன்றும் அப்போது பெப்ஸிகோ கையில்தான் இருந்தன, ஆகவே அடி எங்கெல்லாம் விழும் என்று கம்பெனி கணக்குப் போட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் விளம்பரத்தைக் கைவிட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

அந்த வருடம் எம்டிவி விருது விழாவில் பார்வையாளர் தேர்வு விருது இந்த வீடியோவுக்கே போனது. மேடையேறிய மடோனா, இவ்வளவு சர்ச்சையைக் கிளப்பியதற்காகப் பெப்ஸிக்கு நன்றி சொன்னார். அந்த விருதுக்கு ஸ்பான்சர் பெப்ஸி!

கேள்வி: சர்ச்சை இல்லாவிட்டால் பாட்டு ஓடியிருக்குமா?

ஓடியிருக்கும். அதற்கு முன்பே அமெரிக்காவில் ஆறு முதலிடப் பாட்டுகள் கொடுத்தவர், இது ஏழாவது. பிரிட்டனில் மார்ச்சிலேயே முதலிடம், அமெரிக்காவில் ஏப்ரல் 22 முதல் மூன்று வாரம்.

கேள்வி: வீடியோவை விடுங்கள். பாட்டாகக் கேட்டால் இதில் அப்படி என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நாங்கள் அப்போது காலி கேசட்டைக் கடையில் கொடுத்துப் பாட்டுப் பதிந்து வாங்குவோம். இதை முதன்முதலில் ஓடவிட்டபோது, கரகரவென்று ஒரு கிடார், நடுவிலேயே கதவை அறைந்தது போல ஒரு சத்தம், பிறகு கப்சிப். டேப் சிக்கிக்கொண்டது என்று நினைத்து, அதைச் சுற்றிச் சரிசெய்யப் பென்சிலை எடுத்துவிட்டேன். அதற்குள் ஆர்கனும் கொயரும் (தேவாலயப் பாடகர் குழு) மெல்ல எழுந்து வந்தன. தாளமே இல்லாமல் பூசை மாதிரி ஆரம்பித்து, திடீரென்று டிரம்ஸும் பேஸும் நுழைந்து ஆடவைக்கும். மறுபடி எல்லாம் அடங்கும். மறுபடி நுழையும். மடோனாவும் பேட்ரிக் லியானர்டும் சேர்ந்து எழுதியது. வரிகளில் அவர் கூப்பிடுவது கடவுளையா காதலனையா என்று கடைசிவரை பிடி கொடுக்க மாட்டார். கடைசி ஒன்றரை நிமிடம் பாட்டை கொயரிடமே விட்டுவிடுவார்கள். அங்கே மடோனாவைவிட அவர்கள்தான் பெரிய பாடகர்கள்.

கேள்வி: அந்த கொயர் நிஜமாகவே கோவிலில் பாடுகிறவர்களா?

ஆமாம். ஆன்ட்ரே கிரவுச் என்ற பெரிய கோஸ்பெல் (அமெரிக்கக் கறுப்பு மக்களின் தேவாலய இசை) இசைக்காரரின் கொயர். வரிகளைக் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் பாட ஒப்புக்கொண்டார். வீடியோவில் தோன்றக் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். திரையில் தெரிகிறவர்கள் வேறு ஆட்கள்.

கேள்வி: ஆன்ட்டி, அப்போது நம் ஊரில் இதைப் பார்க்க முடிந்ததா?

ஆன்ட்டியா! சரி, போகட்டும். தூர்தர்ஷன் மட்டும் இருந்த காலம். ஸ்டார் டிவி வழியாக எம்டிவி இங்கே வந்தது 1991-ல். பெப்ஸியே 1990-ல்தான் 'லெஹர் பெப்ஸி' என்று விற்பனைக்கு வந்தது. நான் வீடியோவைப் பார்த்தது பாட்டு மனப்பாடமான பல வருடங்களுக்குப் பிறகு. ஒருவேளை அதனால்தான் எனக்கு அதிர்ச்சி குறைவோ என்னவோ.

கேள்வி: அந்த விளம்பரத்தில் அப்படி என்னதான் இருந்தது? தேடியும் நல்ல பிரதி கிடைக்கவில்லை.

கண்டிக்க ஒன்றுமே இல்லை. மடோனா தன் எட்டாவது பிறந்தநாள் வீட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். திரைக்குள் இருக்கும் சிறுமி வெளியே வந்து இப்போதைய மடோனாவின் அறையில் உலாவுவாள், இவர் அவளுடைய பிறந்தநாளுக்குள் போய்விடுவார். கடைசியில் இருவரும் பழையபடி அவரவர் இடத்துக்குத் திரும்பியதும், சிறுமியைப் பார்த்து, ஏதாவது வேண்டிக்கொள் என்பார். அவள் மெழுகுவர்த்திகளை ஊதி அணைப்பாள். ஐந்து வயதில் அம்மாவை இழந்தவர் மடோனா, இந்தப் பாட்டு வந்த ஆல்பத்தையே ஜெபிக்கக் கற்றுக்கொடுத்த அம்மாவுக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறார். அது தெரிந்து பார்த்தால் அந்த மெழுகுவர்த்திக் காட்சி வேறு மாதிரி இருக்கும். 2023 செப்டம்பரில், அதே எம்டிவி விருது விழா ஒளிபரப்பின் நடுவே, பெப்ஸி இந்த விளம்பரத்தை மறுபடி காட்டியது. இந்த முறை யாரும் கோபப்படவில்லை.