மலாக்கிக்கு அடுத்து மத்தேயுவா?

கேள்வி: நான் பாளையங்கோட்டையில் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) குடும்பத்தில் பிறந்தவள். கணவர் ஆர்.சி. (கத்தோலிக்கர்). திருமணமாகிப் பன்னிரண்டு வருடம்; தூத்துக்குடியில் மாமியாரோடுதான் இருக்கிறோம். மகனுக்கு இந்த வருடம் புதுநன்மை (முதல் நற்கருணை). அவன் கையில் 73 புத்தகம் உள்ள விவிலியத்தைக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் வேதாகமத்தில் 66தான். மற்ற ஏழும் தள்ளுபடி ஆகமம், கத்தோலிக்க ஆயர்கள் கூடிய ட்ரெண்ட் சங்கத்தில் பிறகு சேர்த்தது என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 'உங்கள் சீர்திருத்தவாதி லூத்தர் கிழித்தது போக மிச்சம்தான் உன் கையில் இருக்கிறது' என்கிறார் கணவர். அத்தைக்கு எழுபத்தாறு வயது. சர்க்கரையால் பார்வை போய்விட்டது. தினமும் ராத்திரி ஓர் அதிகாரம் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். அதிலும் பழைய ஏற்பாட்டில் மலாக்கி முடிந்ததும் அந்த ஏழையும் விட்டுவிட்டுப் புதிய ஏற்பாட்டின் மத்தேயுவுக்குப் போய்விட்டேன். 'தோபித்து வரலியேம்மா' என்று ஒருநாள் கேட்டார்கள். பின்னால் வரும் என்றேன். அப்புறம் கேட்கவில்லை. யார் சொல்வது சரி என்று ஆதாரத்தோடு எழுதினால் கணவரிடம் காட்டுவேன்.

பதில்: ஆர்.சி., சி.எஸ்.ஐ. கல்யாணக் கடிதங்கள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன. ஞானஸ்நானம் எந்தக் கோவிலில், பிள்ளைக்கு என்ன பெயர், இறந்தால் எந்தக் கல்லறைத் தோட்டம். உங்கள் கடிதத்தையும் அப்படித்தான் படித்துக்கொண்டு வந்தேன். 'அப்புறம் கேட்கவில்லை' என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

அந்த ஏழு புத்தகங்களில் எத்தனை அதிகாரம் என்று எண்ணினீர்களா அம்மா? நான் எண்ணினேன். தோபித்து 14, யூதித்து 16, சாலமோனின் ஞானம் 19, சீராக் 51, பாரூக்கு 6, மக்கபேயர் இரண்டும் சேர்ந்து 31. மொத்தம் 137. ராத்திரிக்கு ஒன்று என்றால் நாலரை மாதம். கண் தெரியாத ஒரு மனுஷியிடமிருந்து, அவர் கேட்டும், பொய் சொல்லி, நாலரை மாத வாசிப்பை எடுத்துக்கொண்டீர்கள். இதை ஒரு வரியில் எழுதிவிட்டு என்னிடம் வேதத்துக்கு ஆதாரம் கேட்கிறீர்கள்.

அத்தைக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? காலமெல்லாம் பூசையில் வாசகம் கேட்ட காது அது. மலாக்கிக்கு அடுத்து இயேசுவின் வம்ச அட்டவணை வந்தபோதே அவருக்கு விளங்கியிருக்கும். மறுபடி கேட்டால் மருமகள் வாசிப்பதையே நிறுத்திவிடுவாளோ என்று பேசாமல் இருந்திருப்பார். அடுத்தவர் கண்ணை நம்பிக் கிடக்கிற வயதானவர்கள் அப்படித்தான் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

கேட்ட ஆதாரத்தையும் தருகிறேன். அது உங்களுக்கும் உதவாது, உங்கள் கணவருக்கும் உதவாது.

ட்ரெண்டில் புதிதாகச் சேர்த்தார்கள் என்பது தவறு. வட ஆப்பிரிக்காவில் ஹிப்போவில் 393இலும் கார்த்தேஜில் 397இலும் கூடிய ஆயர்களின் பட்டியலிலேயே தோபித்தும் யூதித்தும் மக்கபேயரும் உண்டு. ஆதித் திருச்சபை பெரும்பாலும் கிரேக்கத்தில் வாசித்தது. கிரேக்கப் பிரதிகளில் இவை இருந்தன. 1546 ஏப்ரல் 8 அன்று ட்ரெண்ட் சங்கம் செய்தது, இனி இதில் கேள்வி இல்லை என்று கதவை அடைத்ததுதான்.

லூத்தர் கிழித்தார் என்பதும் தவறு. 1534இல் வந்த அவருடைய ஜெர்மன் வேதாகமத்தில் இவை எல்லாம் இருக்கின்றன. இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவில் தனியாக வைத்து, வேதத்துக்குச் சமமல்ல, ஆனால் வாசிக்க நல்லவை என்று தலைப்பிட்டார். யூதர்களின் எபிரேய வேதத்தில் இவை இல்லை என்பது அவர் பக்கத்துக் காரணம். இறந்தவர்களுக்காக மன்றாடுவதற்கு ஆதாரமாகக் கத்தோலிக்கர் காட்டுகிற 2 மக்கபேயர் பன்னிரண்டாம் அதிகாரம் இன்னொரு காரணம். இது சின்ன வித்தியாசம் இல்லை. உங்கள் சபை 66 என்று நிற்பதற்கு நியாயம் உண்டு; நீங்கள் அதிலேயே நில்லுங்கள், நான் குறைசொல்ல மாட்டேன்.

ஆனால் உங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கி வைத்த தமிழ் வேதாகமத்தை முடித்தவர் சூல்ட்சே. இருவரும் லூத்தரன்கள். பழைய ஏற்பாடு முடிந்த கையோடு, 1728இல், இந்தத் தள்ளுபடி ஆகமங்களையும் தமிழில் அச்சிட்டார்கள். திருநெல்வேலிச் சீமையில் உங்கள் சபையை வளர்த்த ஆங்கிலிக்கன் மிஷனரிமாரின் விசுவாசப் பிரமாணங்களில் ஆறாவதைப் பாருங்கள்: இந்த நூல்களை உபதேசத்துக்கு ஆதாரமாக்குவதில்லை, நல்ல நடத்தைக்கு முன்மாதிரியாகத் திருச்சபை வாசிக்கிறது. வாசிக்கிறது அம்மா. இவற்றைச் சேர்த்து அச்சிடப் பணம் தருவதில்லை என்று பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் முடிவெடுத்தது 1826க்குப் பக்கத்தில்தான். உங்கள் வீட்டு வேதாகமத்தில் இவை இல்லாமல் போனதில் அந்த முடிவுக்கும் பங்குண்டு.

ஜெரோம் கதை ஒன்று. லத்தீன் விவிலியத்தை ஆக்கிய அவருக்கும் உங்களைப் போலவே சந்தேகம். எபிரேயத்தில் இல்லாததை வேதம் என்று கொள்ள மனம் வரவில்லை. ஆனால் தோபித்து வேண்டும் என்று இரண்டு ஆயர்கள் கேட்டார்கள். அரமேயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரே நாளில் மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டார். கேட்டவர்களுக்காகச் செய்தார். உங்களிடம் கேட்டது ஒரே வீட்டில் இருக்கிற அத்தை.

அவர் ஏன் தோபித்தைக் கேட்டார் என்று யோசித்தீர்களா? அதுவே பார்வை போன ஒரு கிழவரின் கதை. நினிவேயில் அநாதைப் பிணங்களை அடக்கம் செய்துவிட்டுச் சுவரோரம் படுத்தவர் கண்ணில் குருவி எச்சம் விழுந்து வெண்படலம் படர்கிறது. மனைவி அன்னா கூலிக்கு நெய்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறாள். கூலியோடு கொடுத்த ஆட்டுக்குட்டி கத்துகிற சத்தம் கேட்டு, திருடிவந்தாயா என்று அவளையே சந்தேகப்படுகிறார். கண் போனால் மனசு எப்படிக் கோணிப்போகும் என்பதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் அத்தை தன் கதையைத்தான் கேட்டிருக்கிறார்.

பத்தாம் அதிகாரத்தில் தோபித்துக்கு மருமகளாகப் போகிற சாராவிடம் அவள் அப்பா சொல்கிறார்: இனி உன் மாமனார் மாமியாரும் உன்னைப் பெற்றவர்களைப் போலத்தான். நீங்கள் தள்ளிவிட்டுப் போன பக்கத்தில் இருக்கிறது இது. தள்ளாத 66க்குள்ளேயே லேவியராகமம் பத்தொன்பதில், கண் தெரியாதவர் முன்னால் தடுக்கல் வைக்காதே என்று இருக்கிறது. அதை அத்தைக்கு வாசித்துக் காட்டியதும் நீங்கள்தானே?

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். லூத்தரைப் பற்றி மனைவியிடம் வாதாட நேரம் இருக்கிறவர், பெற்ற தாய்க்கு ஒரு ராத்திரி உட்கார்ந்து வாசித்தாரா? கடிதத்தில் அப்படி ஒரு வரியைக் காணவில்லை. தாயின் கண்ணாக இருக்க வேண்டியது முதலில் மகன். அந்தக் கடமையை நீங்கள் சுமந்தீர்கள். தொடக்கநூலிலிருந்து மலாக்கி வரை 929 அதிகாரம், இரண்டரை வருடம், சொந்த மகளே செய்வாளா தெரியாது. அதனால்தான் இந்தப் பொய்யை உங்களிடம் என்னால் பொறுக்க முடியவில்லை.

மகன் விஷயம்: புதுநன்மைக்குப் படிக்கிற பிள்ளையிடம் கோவிலில் வாசிக்கிற புத்தகத்தைத்தான் கொடுக்க முடியும். அம்மா சபையில் 66, அப்பா சபையில் 73, காரணம் இது என்று அவனிடம் நேராகச் சொல்லுங்கள். புரிந்துகொள்கிற வயதுதான். அம்மா பாட்டியை ஏமாற்றினாள் என்பதும் அவனுக்குப் புரியும்.

இன்று ராத்திரி மத்தேயுவை மூடி வையுங்கள். 'அத்தை, தோபித்தை வேணும்னுதான் விட்டேன், மன்னிச்சிடுங்க' என்று சொல்லுங்கள். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இது என் சபைக்கு வேதம் இல்லை, உங்களுக்காக வாசிக்கிறேன் என்று சொல்வதில் ஒரு குறைவும் இல்லை. முதல் அதிகாரத்திலிருந்து தொடங்குங்கள். பதினொன்றாவது வரும் நாளில் கணவரையும் மகனையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். கண் திறந்த தோபித்து, கையைப் பிடித்து நடத்த ஆள் இல்லாமலே, மருமகளை எதிர்கொள்ள நினிவே வாசலுக்கு நடந்து போகிறார். அந்த இடத்தை உங்கள் கணவர் வாசிக்கட்டும்.