மண்டபத்திலிருந்து கொச்சிக்குக் கம்பெனி போனால்? கேள்வி பதில்

மண்டபத்தில் கடல்பாசி வாங்கும் ஒரு பிரைவேட் லிமிடெட், பதிவு அலுவலகத்தைக் கொச்சிக்கு மாற்றப்போவதாகப் பேச்சு. அதையொட்டி வந்த கேள்விகளுக்குக் கம்பெனி செக்ரட்டரியாக இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அண்ணே, பாம்பன்ல இருந்து. பத்துப் பங்கு வச்சிருக்கேன். டைரக்டர்கள் கையெழுத்துப் போட்டாலே போதுமாமே?

போதாது தம்பி. ஊருக்குள்ளேயே இடம் மாறினால் போர்டு தீர்மானம் போதும். மாநிலம் தாண்டினால் 2013 கம்பெனிச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு வந்துவிடும். பங்குதாரர் கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம், அப்புறம் சென்னையில் இருக்கும் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் மண்டல இயக்குநரின் ஒப்புதல், இரண்டும் வேண்டும். சிறப்புத் தீர்மானம் நிறைவேற எதிர்ப்பு ஓட்டைப் போல 3 மடங்காவது ஆதரவு விழ வேண்டும். 60 ஓட்டு விழுந்தால் 45. வராதவர் ஓட்டு எந்தக் கணக்கிலும் சேராது. பிடிக்கவில்லை என்றால் வீட்டில் இருந்துவிடாதீர்கள், போய் எதிர்த்துப் போடுங்கள்.

சார், பாசி போட்ட வகையில் 38,000 ரூபாய் வரணும். கொச்சி வரைக்கும் நான் அலையணுமா?

அம்மா, இங்கேதான் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. கம்பெனி பாக்கி தர வேண்டிய ஒவ்வொருவருக்கும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். தமிழ்ப் பத்திரிகை ஒன்றிலும் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றிலும் விளம்பரம் வர வேண்டும். விளம்பரம் வந்த 14 நாளுக்குள், பிரமாணப் பத்திரத்தோடு மண்டல இயக்குநருக்கு ஆட்சேபம் எழுதுங்கள், கம்பெனிக்கும் ஒரு நகல். உங்கள் சம்மதம் இருக்க வேண்டும், இல்லையென்றால் பாக்கியைத் தீர்க்க வழி செய்திருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் அவர் ஒப்புதல் தருவார். எடைச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். எனக்குத் தெரிந்த ஐஸ் வியாபாரி ஒருவர், வந்த கவரைப் பிரிக்காமலே கல்லாப்பெட்டியில் போட்டுவிட்டார். ஈரக்கையோடு அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தபோது கெடு தாண்டியிருந்தது. இன்றும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

வேலையிலிருந்து எடுத்துடுவாங்களா?

இடமாற்றத்தைக் காரணம் காட்டி யாரையும் நீக்க மாட்டோம் என்று டைரக்டர்கள் பிரமாணப் பத்திரம் கொடுத்தாக வேண்டும். அதன் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

கீழக்கரையிலிருந்து கேக்குறேன். இதே மாதிரி துபாய்க்கு மாத்த முடியுமா?

நேராக முடியாது பாய். வெளிநாட்டுக் கம்பெனியோடு இணைப்பு என்றால் 234-ஆம் பிரிவு, ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி, அது வேறு பாதை.

ஆர்டர் வந்தாச்சுன்னா உடனே கொச்சி விலாசம்தானா?

இல்லை. மண்டல இயக்குநரின் ஆர்டர் நகலை 30 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். கேரளப் பதிவாளர் புதுச் சான்றிதழ் கொடுக்கும்வரை மண்டபம் விலாசம்தான். அதுவரை எழுதும் கடிதத்தை அங்கேயே அனுப்புங்கள்.