திருகோணமலையில் நடக்கும் நிகழ்ச்சிகளை அறிவிக்கவும் விளம்பரப்படுத்தவும் ஓர் இணையத்தளம் தொடங்க நினைக்கிறேன். எப்படித் திட்டமிடுவது? எந்த மென்பொருள் வேண்டும், என்ன செலவாகும்?

வடிவமைப்பாளரைத் தேடுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வைத்துக்கொள்ளுங்கள்: நிகழ்ச்சியின் திகதி மாறினால், உங்கள் தளத்தில் அதை மாற்றப்போவது யார்? போன மாதம் முடிந்த கச்சேரி இன்னும் முகப்பில் கிடப்பதைப் பார்த்த வாசகர் மறுபடி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். எந்த மென்பொருள், என்ன செலவு என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். திருகோணமலையில் இணையத்தளம் அமைத்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அவற்றுக்கும் வருகிறேன். ஆனால் வாரத்தில் இரண்டு மாலைப் பொழுதுகள் தொலைபேசியும் கையுமாக உட்கார்ந்து ஏற்பாட்டாளர்களைக் கூப்பிட்டு உறுதிசெய்ய ஆள் இல்லையென்றால், மற்றதெல்லாம் வீண்செலவு.

ஆள் இருக்கிறார் என்றால், ஊரின் ஓர் ஆண்டை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பங்குனி சித்திரையில் கோணேசர் ஆலய மகோற்சவம். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும், உப்புவெளி, நிலாவெளி விடுதிகள் நிறையும். பகலில் திமிங்கிலம் பார்க்கவும் புறாத்தீவுக்கும் படகு ஏறியவர்கள் மாலையில் ஊருக்குள் என்ன நடக்கிறது என்று விசாரிப்பார்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் திறந்தவெளி நிகழ்ச்சிகள் எல்லாம் மண்டபங்களுக்குள் ஒதுங்கிவிடும். தளத்தை அந்த மழைக்காலத்தில் கட்டி மாசியில் திறப்பதுதான் என் கணக்கில் புத்திசாலித்தனம். மே மாதத்தில் கட்டத் தொடங்கினால் சீசன் முடிந்தபின்தான் திறப்பு விழா.

எழுதும்போதே இன்னொன்றும் புலப்படும். நம் ஊரில் பாதித் திகதிகள் கடைசிவரை கையில் நிற்பதில்லை. நோன்புப் பெருநாள் பிறை பார்த்துத்தான் முடிவாகும். சைவ விழாக்கள் வாக்கிய பஞ்சாங்கமா, திருக்கணிதமா என்பதைப் பொறுத்துச் சில ஆண்டுகளில் ஒரு நாள் முன்பின்னாகும். எனவே ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ‘உறுதியானது’, ‘உறுதியாகவில்லை’, ‘பிற்போடப்பட்டது’, ‘இரத்து’ என்ற நிலைகளில் ஒன்றைக் காட்டும் வசதி முதல் நாளே வேண்டும். பௌர்ணமி தினங்களையும் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். அன்று மதுபான விற்பனைக்குத் தடை இருப்பதால், கடற்கரை விடுதியில் இசை நிகழ்ச்சி வைக்கிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இனி நிகழ்ச்சிப் பக்கம். தளத்தின் உயிர் முகப்பில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. நம் அழைப்பிதழ் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலைமை வகிப்பவர், பிரதம அதிதி, சிறப்பு அதிதிகள், கௌரவ அதிதிகள் என்று பட்டங்களோடு பெயர்கள் பக்கத்தை நிறைத்திருக்கும். எங்கே, எத்தனை மணிக்கு என்பது கீழ்மூலையில் எறும்பு அளவு எழுத்தில் கிடக்கும். ஆலய விஞ்ஞாபனமாக இருந்தால் தேர் இழுக்கும் நேரம் உபயகாரர் பட்டியலுக்கு நடுவே ஒளிந்திருக்கும். அந்த அழைப்பிதழைப் படம் பிடித்து அப்படியே தளத்தில் ஏற்றுவது மிக எளிது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெயர், திகதி, தொடங்கும் நேரம், இடம், கட்டணம், தொடர்பு இலக்கம் ஆகிய ஆறையும் எழுத்தாகத் தட்டச்சு செய்து மேலே வையுங்கள். அதிதிகள் கீழே வரட்டும். (ஏற்பாட்டாளர் ஒருவராவது கோபித்துக்கொள்வார். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

எழுத்தாக இருந்தால்தான் கூகுளுக்கும் புரியும். கூகுள், பிங், யாஹூ ஆகியவை சேர்ந்து 2011இல் தொடங்கிய ஸ்கீமா என்ற பொதுக் குறியீட்டு முறையில் நிகழ்ச்சிகளுக்கென்றே ஒரு வகை இருக்கிறது. தொடங்கும் நேரம், இடம், பிற்போடப்பட்டதா, இரத்தானதா என்பதையெல்லாம் தேடுபொறிக்கு அதன் மொழியில் சொல்லிவிடலாம். இங்கே ஓர் உள்ளூர்ச் சிக்கல் உண்டு. நம் அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் வேலை நடக்கிறது. அச்சகம் தரும் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினால் தளத்தில் தமிழ் வராது, ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பைதான் வரும். பாமினியை, இணையத்தில் எங்கும் தமிழாகவே தெரியும் யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை கண்ணால் வாசித்துச் சரிபாருங்கள்.

மகோற்சவத்தை ஒரே நிகழ்ச்சியாகப் பதிய முடியாது. கொடியேற்றம், வேட்டைத் திருவிழா, தேர், தீர்த்தம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் திகதி, தனி நேரம். தாய்ப் பக்கம் ஒன்று, அதன் கீழ் நாளுக்கொரு பிள்ளைப் பக்கம் என்று அமையுங்கள். இடங்களும் அப்படித்தான். மக்கெய்சர் விளையாட்டரங்கு, நகர மண்டபம் போன்றவற்றுக்குத் தனிப் பக்கம் ஒருமுறை செய்துவைத்தால், வரைபடமும் பஸ் நிலையத்திலிருந்து போகும் வழியும் ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியதில்லை.

மென்பொருளுக்கு, இணையத்தளம் அமைக்க இலவசமாகக் கிடைக்கும் வேர்ட்பிரஸ் போதும். அதில் கூடுதலாகச் சேர்க்கும் ‘த இவென்ட்ஸ் கலண்டர்’ என்ற செருகுநிரலின் இலவசப் பதிப்பே மேற்சொன்னதில் பெரும்பகுதியைச் செய்யும். வாராவாரம் திரும்ப வரும் நிகழ்ச்சிகளைத் தானாகப் பதியும் வசதிக்கு மட்டும் கட்டணப் பதிப்பு வேண்டும். நிறுவியவுடன் நேர வலயத்தைக் கொழும்பு என்று மாற்றுங்கள். சர்வதேச நேரத்திலேயே (UTC) விட்டால், மாலை 6 மணி நிகழ்ச்சியைத் தன் கைத்தொலைபேசி நாட்காட்டியில் சேர்த்துக்கொள்கிறவருக்கு அது இரவு 11.30 என்று காட்டும். மொழியைப் பொறுத்தவரை தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் முழுத் தளமும் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். தலைப்பு, திகதி, இடம் மூன்றையும் மூன்று மொழிகளில் மனிதர் கையால் எழுதினால் போதும். இயந்திர மொழிபெயர்ப்பை நம்பிக் கோயில் பெயரைக் கெடுத்தால் அந்த நிர்வாகசபை உங்களிடம் மறுபடி செய்தி தராது. தளத்தின் முகவரிக்கு ‘.எல்கே’ டொமைன் எடுங்கள், ‘.இலங்கை’ என்று முடியும் தமிழ் முகவரியும் 2010 முதல் உண்டு, ஆனால் அதை இரண்டாவது முகவரியாக மட்டும் வைக்கலாம்.

விளம்பரம் என்றால் இங்கே வட்ஸ்அப். இணைப்பைக் குழுவில் போட்டதும் படமும் தலைப்பும் சேர்ந்து வர, பக்கத்தின் நிரலில் ஓப்பன் கிராஃப் குறிகள் (எந்தப் படம், எந்தத் தலைப்பு என்று வட்ஸ்அப்புக்குச் சொல்லும் வரிகள்) இருக்க வேண்டும். படம் 1200க்கு 630 பிக்சல் அளவில், எடை 300 கிலோபைட்டுக்குள் இருக்கட்டும். வியாழன் மாலை ‘இந்த வாரம் திருகோணமலையில்’ என்று ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள். நாளுக்கு நான்கு அனுப்பினால் குழுவிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

அச்சகங்களோடு பழக்கம் பிடிப்பதும் நல்லது. சுவரொட்டி அச்சேறும் முன்பே உங்கள் தளத்தில் அந்த நிகழ்ச்சிக்குப் பக்கம் திறந்து, அதன் கியூஆர் குறியீட்டை மூலையில் சேர்க்கச் சொல்லுங்கள். மழையால் நிகழ்ச்சி தள்ளிப்போனாலும் சுவரில் ஒட்டியதைக் கிழிக்க வேண்டியதில்லை. ஸ்கேன் செய்கிறவருக்குப் புதிய திகதி தெரியும். அதனால்தான் பக்கத்தின் முகவரியில் திகதியைச் சேர்க்கக் கூடாது, பிற்போட்டாலும் அதே முகவரியிலேயே விட வேண்டும் என்கிறேன்.

டிக்கெட் விற்பனையை முதல் ஆண்டில் தொடவேண்டாம். பணம் வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பும் வரும், உள்ளூராட்சி மன்றத்தின் களியாட்ட வரிக் கணக்கும் வரும். ஏற்பாட்டாளரின் தொடர்பு இலக்கத்தைக் கொடுத்து ஒதுங்கிக்கொள்ளுங்கள். நுழைவாயிலில் அவரே லங்கா கியூஆர் (கைத்தொலைபேசியால் ஸ்கேன் செய்து பணம் செலுத்தும் குறியீடு) வைத்துப் பணம் வாங்கிக்கொள்ளட்டும். அந்த இலக்கத்தை வெளியிட அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

அரசியல் கூட்டங்களைப் போடுவீர்களா, மாட்டீர்களா என்பதை முதல் அறிவித்தல் வருவதற்கு முன்பே எழுதி வெளியிடுங்கள். மூன்று சமூகங்கள் வாழும் ஊரில் ஆளுக்கொரு நியாயம் பேச முடியாது. நான் என்றால் எந்தக் கட்சிக்கும் போடமாட்டேன்.

வருமானத்துக்கு அறிவித்தல்களிடம் பணம் கேட்காதீர்கள். இலவசமாக இருந்தால்தான் முழு ஊரும் வந்து சேரும். விடுதிகள், ஒலி ஒளி அமைப்பாளர்கள், பந்தல்காரர்கள், படப்பிடிப்பாளர்கள் ஆகியோரின் விளம்பரங்களை எடுங்கள், மேலே ‘விளம்பரம்’ என்று தெளிவாக எழுதுங்கள். டொமைன், வழங்கி (தளத்தை வைத்திருக்கும் கணினி) ஆகியவற்றின் ஆண்டுச் செலவை இரண்டு மூன்று விளம்பரங்களே ஈடுசெய்யும். உறுதிசெய்ய வைத்த ஆளின் சம்பளத்துக்குத்தான் மீதி விளம்பரம் பிடிக்க வேண்டியிருக்கும்.