மகனிடம் கணக்குக் கேட்கலாமா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில், ரப்பர் பால்வெட்டுக் காலத்திலிருந்து செம்பனைக் காலம் வரை, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்து வருகிறேன். கணவர் காலமாகிவிட்டார். தோட்ட நிலம் வீடமைப்புக்குப் போகிறது என்றும், லயத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்றும் கடிதம் வந்திருக்கிறது. ஜொகூர் பாருவில் இருக்கும் என் மகன், என் ஊழியர் சேமநிதி (இ.பி.எஃப்.) பணத்தில் முன்பணம் கட்டித் தன் பெயரில் வீடு வாங்கி, என்னையும் அழைத்துக்கொள்வதாகச் சொல்கிறான். அடுத்த ஆண்டு எனக்கு 55 வயது ஆகிறது. போன தீபாவளிக்கு அங்கே சென்றிருந்தபோது, என் அம்மியைக் கொண்டுவரலாமா என்று கேட்டேன். "இங்கே எங்கே அத்தை இடம், பிளண்டர்தான் இருக்கிறதே" என்று மருமகள் சிரித்தாள். அவள் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. அது என் மாமியார் எனக்குக் கொடுத்த அம்மி. அன்றிலிருந்து தூக்கம் சரியாக இல்லை. பெற்ற பிள்ளையைச் சந்தேகப்படுகிறேனோ என்று வெட்கமாகவும் இருக்கிறது.

– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் சேமநிதிப் பணம் ஒரே வரியில் வந்து போய்விடுகிறது, அம்மிக்கு மட்டும் நான்கைந்து வரிகள். ஆகவே உங்கள் பயம் மகன் ஏமாற்றிவிடுவான் என்பதல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. லயத்து வீடு கம்பெனியுடையது என்றாலும், அதன் அடுக்களையில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதை இத்தனை ஆண்டுகளும் நீங்கள்தான் முடிவு செய்தீர்கள். இனிமேல் இன்னொருத்தியின் அடுக்களையில் கேட்டுக் கேட்டுப் புழங்க வேண்டியிருக்குமே என்ற கலக்கம்தான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருமகளிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அம்மியைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்று அவர் நினைத்திருக்கக் கூடும்.

பணத்தைப் பொறுத்தவரை, நம்புவது வேறு, கணக்குக் கேட்பது வேறு. உங்கள் ஊர்க்காரரான துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய கதையை உங்கள் பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலம் அது. வேலையும் வீடும் ஒரே நாளில் போய்விடுமோ என்ற அச்சம் லயம் லயமாகப் பரவியிருந்தது. அந்த அச்சத்தோடுதான் தொழிலாளர்கள் 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டினார்கள். அப்படிச் சேர்ந்த பணத்தில்தான் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அவர்கள் தலைவரை நம்பவில்லை என்று யாராவது சொல்வார்களா? ஆனாலும் அந்த நம்பிக்கை தவணையாகத்தான் கொடுக்கப்பட்டது. புதிதாகப் பால் வெட்டப் பழகுகிறவரிடம் எடுத்த எடுப்பில் இளமரங்களை விடாமல் கிழமரங்களில் கையைப் பழகவிடுவார்களே, அதைப் போலத்தான் இதுவும்.

எனவே, முதலில் ஜொகூர் பாருவுக்குச் சென்று, விருந்தாளியாக அல்லாமல் வீட்டு ஆளாக, சில மாதங்கள் இருந்து பாருங்கள். 55 வயதானதும் சேமநிதியை முழுவதுமாக எடுக்கலாம் என்றுதான் விதி சொல்கிறது. எடுத்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. விட்டுவைத்த தொகைக்கு ஆண்டுதோறும் இலாப ஈவு தொடர்ந்து கிடைக்கும். மகனுக்கு ஒரு பகுதியைக் கொடுப்பதாக இருந்தால், வீட்டின் பட்டாவில் உங்கள் பெயரும் இடம்பெற முடியுமா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள்; வங்கிக் கடன் காரணமாக அது இயலாது என்றால், நீங்கள் கொடுத்த தொகை எவ்வளவு, எதற்காகக் கொடுத்தீர்கள் என்பதையாவது எழுத்தில் வையுங்கள். மகனுக்கு இதனால் மனம் புண்படுமோ என்று தயங்காதீர்கள். நாளைக்கு மற்றப் பிள்ளைகளோ உறவினரோ கேள்வி எழுப்பினால், அந்தத் தாள்தான் அவரையும் காப்பாற்றும்.

நீங்கள் எழுதாத இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். சேமநிதியில் வாரிசாகக் கணவரின் பெயரைத்தான் கொடுத்திருந்தீர்கள் என்றால், மைகார்டை (அடையாள அட்டையை) எடுத்துக்கொண்டு சேமநிதி அலுவலகத்துக்குச் சென்று அதை உடனே மாற்றுங்கள்; கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகியும் இதைக் கவனிக்காமல் விட்டவர்கள் தோட்டப்புறங்களில் ஏராளம். அடுத்து, நிலத்தோடு உங்கள் வேலையும் போகிறது என்றால், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் 20 நாள் சம்பளம் வீதம் இழப்பீடு தர வேண்டும் என்று 1980-ஆம் ஆண்டு ஆட்குறைப்பு இழப்பீட்டு விதிமுறைகள் கூறுகின்றன. கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு அதைத் தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் அலுவலகத்திலோ காட்டிவிடுங்கள். இந்தத் தொகை கையில் இருந்தால், மகன் வீட்டுக்குப் போகும்போது உங்கள் நடையே வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: பக்கத்து வீட்டு அக்கா மாதக் கூட்டு (சீட்டு) நடத்துகிறார். பிள்ளைப்பேற்றின்போது எனக்குச் சோறு போட்டவர் அவர். சேர மறுத்தால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடாதா?

– வாசகி, கோலகங்சார்

பதில்: ஆகாது. கூட்டு நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. அந்த அக்காவின் நேர்மையில் குறை இல்லாமல் இருக்கலாம். ஆனால் பணத்தை முதலில் எடுத்துக்கொண்டு பிறகு கட்டாமல் போகிறவர் நீங்கள் முகம்கூடப் பார்த்திராத ஏழாவது ஆளாக இருப்பார், அவருக்காக அக்காதான் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும். அவருக்கு எப்போதாவது அவசரத் தேவை வந்தால், உங்களால் இயன்றதை நேரடியாகக் கையில் கொடுங்கள்.