டான்ஹ் முறையில் வரும் 'புதிய' தீர்வுகள் உண்மையிலேயே புதியவையா?

கேள்வி: ஆழமற்ற நீரில் ஓடும் அலைகளுக்கான கேடிவி (கோர்ட்டவெக்–டி விரீஸ்) சமன்பாட்டுக்கு டான்ஹ் முறை, கோத் முறை, எக்ஸ்ப் சார்பு முறை என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஐந்தாறு துல்லியத் தீர்வுகள் வருகின்றன. எல்லாம் வேறு வேறு தீர்வுகளா? பரிமாணம் கூடினாலும் இதே வழி போதுமா?

இரண்டுக்குமே பதில் 'இல்லை'தான். ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

முதலில் கெழுக்களை முடிவு செய்துகொள்ளுங்கள். ஆளுக்கொரு வடிவத்தில் எழுதுவார்கள். கெழு மாறினால் கீழே உள்ள எண்கள் எல்லாம் மாறும். நான் எடுப்பது: உ-வின் நேர வகைக்கெழு + 6 × உ × உ-வின் இட வகைக்கெழு + உ-வின் மூன்றாம் இட வகைக்கெழு = 0.

பயண அலை என்றால் உ என்பது (இடம் − வே × நேரம்) என்ற ஒரே மாறியின் சார்பு. வே என்பது வேகம். இதைப் போட்டு ஒருமுறை தொகையிட்டால்

உ″ + 3உ² − வே·உ = ம

உ′ ஆல் பெருக்கி மறுபடி தொகையிட்டால்

உ′² = −2உ³ + வே·உ² + 2ம·உ + 2ந

ம, ந இரண்டும் மாறிலிகள். பயண அலையைப் பொறுத்தவரை இங்கேயே வேலை முடிந்தது. வலப்பக்கம் இருப்பது ஒரு முப்படிக் கோவை. அதன் மூன்று மூலங்களும் மெய்யாகவும் வேறு வேறாகவும் இருந்தால் யகோபி நீள்வட்டச் சார்பில் வரும், திரும்பத் திரும்ப அதே வடிவில் அமையும் நாய்டல் அலை. கோர்ட்டவெக்கும் டி விரீஸும் 1895-லேயே இதைக் கொடுத்துவிட்டார்கள். சின்ன மூலங்கள் இரண்டும் ஒன்றாகிவிட்டால் சாலிட்டான், அதாவது வடிவம் மாறாமல் ஓடும் ஒற்றை மேடு. எல்லைக்குள் அடங்கிய பயண அலை வேறு கிடையாது. ஆக, டான்ஹ் முறை எதைக் கொடுத்தாலும் அது இந்தப் பட்டியலுக்குள் எங்கேயோ உட்கார வேண்டும்.

இப்போது டான்ஹ் முறையையே போடுவோம். ட = டான்ஹ்(க × மாறி); டான்ஹ் என்பது அதிபரவளைய டேன் சார்பு. உ-வை ட-வின் ப படிக் கோவை என்று வைப்பதுதான் இந்த முறை. உ″-இன் படி ப+2, உ²-இன் படி 2ப; சமப்படுத்தினால் ப = 2. எனவே உ = அ + ஆ·ட + இ·ட². பிரதியிட்டால் ட⁴ கெழுவிலிருந்து இ = −2க², ட³ கெழுவிலிருந்து ஆ = 0, ட² கெழுவிலிருந்து வே = 6அ − 8க². பலரும் ம = 0 என்று வைத்துவிடுவார்கள். அப்படி வைத்தால் கடைசிக் கெழு 3அ² − 8க²அ + 4க⁴ = 0 என்று ஆகிறது. அ-வுக்கு இரண்டு விடை: 2க², அல்லது (2/3)க².

முதல் விடையில் உ = 2க² செக்², வேகம் 4க² (செக் என்பது இங்கே அதிபரவளையச் சார்பு; செக்² = 1 − ட²). எல்லோருக்கும் தெரிந்த சாலிட்டான். இரண்டாவதில் உ = 2க² செக்² − (4/3)க², வேகம் −4க². 'இடப்பக்கம் ஓடும் புதிய அலை' என்று கட்டுரை எழுதத் தோன்றும். ஆனால் கேடிவி சமன்பாட்டில் உ-வோடு ஒரு மாறிலி ஹ-வைக் கூட்டினால் வேகம் 6ஹ கூடும். இது கலிலியோ சமச்சீர். ஹ = −(4/3)க² என்று போடுங்கள்: 4க² − 8க² = −4க². அதே சாலிட்டானை, கீழே இறக்கிய நீர்மட்டத்தின் மேல் வைத்திருக்கிறோம், அவ்வளவே.

மற்றவையும் இப்படித்தான். டான்ஹின் உள்ளே கற்பனை எண் iன் மடங்கான iπ/2-வைக் கூட்டினால் கோத். ஆகவே கோத் தீர்வு என்பது கட்டம் கற்பனையாகிப்போன சாலிட்டான், நடுவில் முடிவிலிக்குப் பாயும். க-வைக் கற்பனையாக்கினால் டேன் தீர்வு. 'டான்ஹ் + i·செக்' என்று நீட்டி எழுதுவதும், பாதி வாதத்தில் iπ/4 கூட்டிய டான்ஹ்தான். ஜி′/ஜி முறையில் ஜி இரண்டாம் வரிசை நேரியல் சமன்பாட்டுக்குக் கட்டுப்படுவதால், அந்த விகிதமே ஒரு மாறிலியும் ஒரு டான்ஹும். ரஷ்யக் கணிதவியலாளர் குத்ரியாஷோவ் 2009-ல் இந்த வகைப் பிழைகளைப் பட்டியலே போட்டார். இருந்தும் கட்டுரைகள் நின்றபாடில்லை.

சரிபார்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மேப்பிள், மேத்தமேட்டிக்கா மாதிரியான மென்பொருளில் வர்க்கமூலக் கிளை தவறிப்போகலாம். சுருக்கு என்று சொல்லி வந்த பூச்சியத்தை அப்படியே நம்பாதீர்கள். க = 0.7, இடம் = 0.3, நேரம் = 0.2 என்று எண்களைக் கொடுத்து, 30 இலக்கத் துல்லியத்தில் மூலச் சமன்பாட்டில் பிரதியிடுங்கள். மீதி பத்தின் −25 அடுக்கு அளவில் இருக்க வேண்டும். 0.001 என்று நின்றால் தீர்வு தப்பு. தொகையிட்ட சமன்பாட்டில் மட்டும் சோதித்துவிட்டு நிறுத்தாதீர்கள், மாறிலியில் செய்த தவறு அங்கே ஒளிந்துகொள்ளும்.

உண்மையிலேயே வேறான தீர்வு வேண்டுமென்றால் பயண அலையை விட்டு வெளியே வர வேண்டும். ஹிரோட்டா 1971-ல் காட்டிய வழி: உ = 2 × (லாக் எஃப்)-இன் இரண்டாம் இட வகைக்கெழு. எஃப் = 1 + எ₁ + எ₂ + பி·எ₁·எ₂; ஒவ்வொரு எ-யும் (க × இடம் − க³ × நேரம்) என்பதன் அடுக்குக்குறிச் சார்பு; பி = ((க₁ − க₂)/(க₁ + க₂))². கவனம்: இங்கே க என்பது முந்தைய க-வின் இருமடங்கு, வீச்சு க²/2, வேகம் க². க₁ = 1, க₂ = 2 எனில் பி = 1/9. மோதி விலகிய பிறகு பெரியது லாக் 9 / 2, அதாவது சுமார் 1.10 முன்னே போயிருக்கும். சிறியது சுமார் 2.20 பின்தங்கியிருக்கும். வடிவம் மாறாது.

இரண்டு சாலிட்டான் கிடைத்துவிட்டது என்று உடனே 'இது தொகையிடத்தக்க சமன்பாடு' (எத்தனை சாலிட்டான் வேண்டுமானாலும் துல்லியமாகக் கிடைக்கும் வகை) என்று அறிவித்துவிடக் கூடாது. ஹிரோட்டாவின் கேடிவி வகை இருபடி வடிவத்தில் (ஒவ்வொரு உறுப்பிலும் எஃப் இரண்டு முறை வரும் வடிவம்) எழுத முடிகிற எந்தச் சமன்பாட்டுக்கும் இரண்டு சாலிட்டான் தானாகவே வரும். சோதனை மூன்று சாலிட்டானில்தான்: எ₁·எ₂·எ₃ உறுப்பின் கெழு பி₁₂·பி₁₃·பி₂₃ என்றே இருக்க வேண்டும், க-க்களுக்கு இடையில் புது நிபந்தனை எதுவும் கேட்கக் கூடாது.

பரிமாணம் கூடும்போது வேறொரு ஏமாற்றம். மூன்று இடம், ஒரு நேரம் என்ற நான்கு மாறிகளையும் ஒரே நேர்கோட்டுச் சேர்க்கையாக்கி டான்ஹ் போட்டால் வருவது சமதள அலை. சமன்பாடு எத்தனை பரிமாணமாக இருந்தாலும் தீர்வு ஒரு பரிமாணம்தான். கேடிவியை இரண்டு இடப் பரிமாணத்துக்கு நீட்டி 1970-ல் வந்த காடம்செவ்–பெட்வியாஷ்விலி சமன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டாம் வகையில் இரு சாலிட்டான்கள் சாய்கோணத்தில் சந்திக்கும்போது, குறிப்பிட்ட ஒரு சாய்வில் பி பூச்சியமாகிவிடும். அப்போது குறுக்கே வெட்டிப் போகாமல், மூன்று கைகள் ஓரிடத்தில் கூடும் அலை உருவாகிறது. மைல்ஸ் 1977-ல் விளக்கிய ஒத்ததிர்வு இது. முதல் வகையிலோ எல்லாத் திசையிலும் அடுக்குக்குறியாக அல்லாமல் விகிதமுறு சார்பாக மெல்லத் தேயும் 'லம்ப்' தீர்வுகள் உண்டு. பயண அலைக் குறுக்கத்தில் மூன்று கை அலையும் வராது, லம்பும் வராது. உங்கள் சமன்பாட்டில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க, இருபடி வடிவத்தை எழுதிக்கொண்டு பி எங்கே பூச்சியமாகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்.